ஏழுவிரல்காரருக்குப் பத்து விரல்

படத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்ததும், ஸ்டுடியோக்காரன் வேறு யார் வீட்டு அப்பாவையோ மாற்றி அனுப்பிவிட்டான் என்றுதான் பால்காரம்மா நினைத்தாள். ஆளுயரப் படம். கருநீலக் கோட்டு, சிவப்பு டை, மணிக்கட்டில் தங்கக் கலரில் கடிகாரம். ஒரு கை நாற்காலி முதுகில், மறு கை கோட்டுப் பொத்தானில். பின்னால் ஒரு ஏரியும் மலையும் வேறு. அந்தக் கோட்டுக்கு மேலே, கழுத்துப் பக்கம் லேசாகக் கோணிக்கொண்டு, அவளுடைய அப்பாவின் தலை உட்கார்ந்திருந்தது.

பால் சங்கக் கூடத்தில் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்த ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது, மந்திரியா? இன்னைக்குக் கூட்டத்துக்கு வர்றாரா?"

"எங்கப்பா" என்றாள்.

அவர் மறுபடியும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலிப் பக்கமே போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

கோட்டு போனால் போகட்டும் என்றுதான் அவள் மனசைத் தேற்றப் பார்த்தாள். எண்பத்தொன்பது வருஷம் வாழ்ந்த மனுஷன் ஒரு நாளும் கோட்டு போட்டதில்லை. யாராவது போட்டுவிட்டிருந்தாலும் கொட்டகைக்குள் நுழைந்ததும் கழற்றி ஈரக் கன்றுக்குட்டியைத் துடைத்திருப்பார். சரி, செத்த பிறகு எவன் எதைப் போட்டால் என்ன. அப்போதுதான் அவள் கண் கைப்பக்கம் போனது. நாற்காலி முதுகில் இருந்த கையில் ஐந்து விரல். பொத்தானில் இருந்த கையிலும் ஐந்து விரல். நகம் வெட்டி, வெளுத்து, வேலைவெட்டி பார்க்காத விரல்கள். ஒன்றில் மோதிரம். அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

ஏனென்றால் அவளுடைய அப்பாவுக்கு ஏழு விரல்தான். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். மற்ற மூன்றும் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் புல் வெட்டும் மெஷினில் போயின. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழுவிரல்காரர் என்றால்தான் தெரியும். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார்.

அந்த ஏழு விரலை வைத்துக்கொண்டு அவர் என்னவெல்லாம் செய்தார் என்று உட்கார்ந்து சொன்னால் பொழுது விடிந்துவிடும். மாடு எழுவதற்கு முன்னால் எழுந்து, மாடு படுத்த பிறகு படுத்த ஆள். கட்டுப் பிரித்த புதிதில் வலது கையால் மடியைப் பிடித்தால் மாடு உதைக்கும். நாலு இடத்தில் வீங்கிப்போய்த் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, கடைசியில் இடது கைக்கே முழு வேலையையும் பழக்கி, வலது கையை ரெண்டு விரலோடு உதவிக்கு வைத்துக்கொண்டார். ரெண்டு மாடு எட்டு மாடானது. வீட்டுச் சுவர் எழுப்ப ஆள் வைக்காமல் தானே கல் அடுக்கினார். அந்தச் சுவரில் இன்றைக்கும் ஒரு வெடிப்பு கிடையாது. பெரிய பையனைச் சைக்கிளில் வைத்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தார், மழையோ வெயிலோ. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த ரெண்டு வருஷமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டது அவர்தான். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே இருக்கும். அம்மா கண்ணாடி கேட்டால், "வேண்டாம்டி, பயந்துடுவே" என்பார்.

இதையெல்லாம் பார்த்தவர்கள்தான் இந்த ஊர்க்காரர்கள். செத்த வீட்டுக்கு வந்து "நல்ல உழைப்பாளி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று இருந்தது. உழைப்பாளி என்று சொன்ன அதே வாயால், "கொஞ்சம் கவனம் பத்தாது மனுஷனுக்கு" என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நாற்பத்தைந்து வருஷமாக இந்தச் சிரிப்பு. சந்தையில் எவனாவது கத்தியை எடுத்தால், "பார்த்துடா, ஏழுவிரல்காரர் ஆகிடாதே." பிள்ளைகள் பல்சக்கரத்துப் பக்கம் போனால், "விரலை எண்ணிட்டு உள்ள வை." இதில் எல்லாருக்கும் தலைவன் மெஷின் மெக்கானிக். மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவன், அப்பாவைவிடப் பத்து வயசு இளையவன், தெருவில் பார்க்கும்போதெல்லாம் சத்தமாகக் கேட்பான்: "என்னண்ணே, இன்னைக்கு எண்ணிப் பார்த்தீங்களா? ஏழும் இருக்கா?" அப்பாவும் வெட்கமில்லாமல் கையைத் தூக்கிக் காட்டி, "இருக்குப்பா, ஆறாகிடலே" என்பார். தெரு முழுக்கச் சிரிக்கும். பால்காரம்மாவுக்கு வயிறு எரியும். அவள் கைக்குப் பால் வியாபாரம் வந்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் பால் உண்டு, மெக்கானிக் வீட்டுக்கு மட்டும் கிடையாது. அந்த வீட்டுக்காரம்மா அடுத்த ஊரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் அப்பாவைப் போலக் கவனமான ஆளை இந்தப் பூமி பார்த்ததில்லை.

அவர்கள் கொட்டகையில் மெஷின் ஒரு பக்கம், சுவிட்ச் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம். இங்கே நிற்பவருக்கு அங்கே இருப்பவரைத் தெரியாது. அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். சுவிட்ச் போடுகிறவர் தகரத்தில் ரெண்டு தட்டு தட்ட வேண்டும். மெஷின் பக்கம் இருப்பவர் கையை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டுவார். பதில் வந்தால்தான் சுவிட்சில் கை. இடி விழுந்தாலும் இதுதான் முறை. அம்மா ஒரு தடவை பதிலுக்குக் காத்திருக்காமல் போட்டுவிட்டாள் என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தார்.

அன்றைக்குக் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. அண்ணன் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றான். அவனுக்குப் பதினாலு வயசு. தோழர்கள் பந்தோடு வாசலில் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்பது வயசுக்காரி, புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு அப்பா பக்கத்தில் நின்றாள். மெஷின் வாயில் புல் சிக்கியிருந்தது. அப்பா கையை விட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தார். கொட்டகை விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. தகரத்தில் ஒரே ஒரு தட்டு. ஒன்றுதான். அடுத்த நொடி மெஷின் ஓடியது.

அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போனான். மெஷின் சத்தத்தில் வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. அப்பா கீழே உட்கார்ந்தார். கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டால் கையைச் சுற்றச் சொன்னார். அவள் சுற்றும்போது அவள் காதுப் பக்கம் குனிந்து சொன்னார்: "பதிலுக்கு ரெண்டு தட்டு நான் தட்டினேன். தட்டிட்டு மறந்துபோய்க் கையை விட்டுட்டேன். யார் கேட்டாலும் இதுதான். புரிஞ்சுதா கண்ணு?"

அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அப்பா கவனம் கெட்டவர் என்று ஊர் சிரிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணனும் சிரித்தான், அதுதான் கொடுமை. படித்து, டவுனில் வேலைக்குப் போய், ஷூ போட்டுக்கொண்டு வர ஆரம்பித்ததும் ஊர் அவனுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தது. ஆபீசருக்கு அப்பாவின் கை பிடிக்கவில்லை. அவன் கல்யாணத்தன்று, பெண் வீட்டுக்காரர்கள் வரும்போது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அப்பாவும் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை ஒரு கையாலேயே எல்லாரையும் கும்பிட முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவள் அண்ணனோடு பேசவில்லை. அப்பாதான், "பெரிய இடத்துப் பழக்கம், அவனுக்கு ஆயிரம் இருக்கும், விடு" என்றார்.

இப்போது அப்பா போய் ஒரு மாசம். பால் சங்கத்துக்கு முதன்முதலில் பால் ஊற்றியவர் என்பதால் சங்கமே நினைவுக் கூட்டம் வைத்தது. ஊரே வரும். அப்பாவைப் பற்றி ஊர் கடைசியாக உட்கார்ந்து பேசப் போகிற நாள் இது. இன்றைக்குச் சொன்னதுதான் நிற்கும். படத்தைக் கூடத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டப் போகிறார்கள். படத்தை ஏற்பாடு செய்கிறேன் என்று ஆபீசர்தான் முன்னால் வந்தான். அவள் தன்னிடம் இருந்த ஒரே நல்ல போட்டோவை, அப்பா கன்றுக்குட்டியின் தலைமேல் வலது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, அவனிடம் கொடுத்திருந்தாள். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவள் படத்தை அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரன் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, எங்கப்பா உடம்பை எங்க வெச்சே?"

அவன் திருதிருவென்று விழித்தான். "என்னக்கா சொல்றீங்க?"

"தலை எங்கப்பாது. கழுத்துக்குக் கீழ யாருது?"

"ஓ, அதுவா. அது எல்லாருக்கும் போடறதுதான்கா. போன மாசம் அரிசிக்கடைக்காரருக்கும் அதே கோட்டுதான். அதுக்கு முந்தி ஒரு டிரைவருக்கு. கோட்டு, ஏரி, மலை எல்லாம் சேர்த்துத்தான் வரும்."

"அப்ப இந்த ஊர்ல செத்தவங்க எல்லாருக்கும் ஒரே கை."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நாங்க நல்லாத்தான்..."

"எங்கப்பாவுக்கு ஏழு விரல்னு உனக்குத் தெரியாதா? நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது உனக்குப் பால் ஊத்தினது அந்தக் கைதான்."

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் அந்தக் கன்னுக்குட்டி போட்டோவையேதான் பெருசாக்கி வெச்சேன். சத்தியமா. அண்ணன்தான் வேண்டாம்னார். அந்தக் கை தெரியக் கூடாதுன்னு திரும்பத் திரும்பப் போன் பண்ணார். ரெண்டு கையும் முழுசா இருக்கணும், செலவைப் பத்திக் கவலைப்படாதேன்னார். நான் என்னக்கா பண்றது?"

"பெருசாக்கினது இருக்கா?"

"உள்ள சுருட்டி வெச்சிருக்கேன். சட்டம் போடல."

"சட்டம் வேண்டாம். குடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் ஒரு மனுஷனையே கோட்டில் மறைத்துவிட்டான். சுருட்டிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள்போல் திரும்பி நடந்தாள். மனசுக்குள் அண்ணனிடம் கேட்க வேண்டியதெல்லாம் வரிசைகட்டி நின்றது.

ஆபீசர் கூடத்துக்குப் பின்னால், பால் கேன் கழுவுகிற அறையில் நின்று பேசப் போவதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். போன மாசம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். கையில் காகிதம். தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தான். அவளைப் பார்த்ததும், "படம் வந்துடுச்சா? எப்படி இருக்கு?" என்றான்.

"கோட்டுக்காரர் நல்லா இருக்கார். அப்பாதான் வரல."

"ஆரம்பிச்சுட்டியா."

"அண்ணே, அப்பாவுக்கு விரல் வாங்கிக் குடுக்க உன்னை யாரு கேட்டா?"

"ஏன், கடைசியாவாவது அவர் முழுசா இருக்கட்டுமே. வெளியூர்லேர்ந்து என் கூட வேலை பார்த்தவங்க வர்றாங்க. வந்ததும் வராததுமா அந்தக் கையைப் பார்த்து, என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு..."

"சொல்லு. என்ன ஆச்சுன்னு சொல்லு. பேச்சுல என்ன எழுதியிருக்கே?"

அவன் காகிதத்தை மடிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. பிடுங்கிப் படித்தாள். தந்தை ஓயாத உழைப்பாளி என்று ஆரம்பித்திருந்தான். நடுவில் ஒரு வேடிக்கைக் கதை: ஒரு நாள் ஏதோ ஞாபகத்தில் மெஷினுக்குள் கையை விட்டு மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்தார், அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது எதிலும் கவனம் தேவை என்பதே. பக்கத்தில் பென்சிலால் 'சிரிப்பு' என்று எழுதி வைத்திருந்தான். எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காக.

அந்த ஒரு சொல்தான் அவளைக் கவிழ்த்தது. நாற்பத்தைந்து வருஷமாக அடைத்து வைத்திருந்தது உடைந்து வெளியே வந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீ எத்தனை தட்டு தட்டினே?"

அவன் காகிதத்துக்குக் கை நீட்டினான்.

"நான் அங்கதான் நின்னேன். ஒரு தட்டு. ஒண்ணே ஒண்ணு. அப்பா கை உள்ள இருந்துச்சு. அவர் பதில் தட்டவே இல்ல. கையை வெளிய எடுக்காம அவர் தட்டுவாரா? பதிலுக்கு நிக்காம நீ போட்டுட்டே. உன்னைக் காப்பாத்தறதுக்காக அவர் தன்னைக் கவனம் கெட்டவன்னு சொல்லிக்கிட்டார். என்கிட்ட சத்தியம் வாங்காத குறையாச் சொன்னார். நானும் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ என்னடான்னா அவரை வெச்சு மேடையில சிரிப்புக் காட்டப் போறே."

வெளியே யாரோ மைக்கில் ஊதிப் பார்த்தார்கள். ஆபீசர் பால் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். புது பேண்ட் நனைந்தது. அவன் கவனிக்கவில்லை.

"ஒரு தட்டுதான்னு எனக்கும் தெரியும்" என்றான்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"மெஷின் ஓடின சத்தம் வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. காய்ச்சல்ல கிடந்தேன்னு சொல்வாங்க. கண்ணு முழிச்சா அப்பா கட்டுப் போட்ட கையோட பக்கத்துல உட்கார்ந்திருக்கார். 'நான் பதில் தட்டினேன்டா, உனக்குக் கேட்டிருக்கும், அதான் போட்டே, நான்தான் மறந்துட்டேன்'னார். எனக்குக் கேட்ட மாதிரி இல்ல. ஆனா வெளிய வந்தா ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்குது. கவனம் இல்லாதவர்னு சொல்லுது. இத்தனை பேர் சொல்றாங்களே, அப்ப அதுதான் நிஜமா இருக்கும்னு நானும் நம்பிட்டேன். நம்பினாத்தான் தூங்க முடிஞ்சுது. பெரியவனானதும் புத்திக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா அதுக்குள்ள சிரிச்சுப் பழகிட்டேன். அந்தக் கையைப் பார்த்தாத்தான் என்னால முடியாது. அதான் கல்யாணத்தன்னைக்கும்... அதான் இந்தப் படமும்."

வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் மனசு இளகியிருக்கும். அவளுக்கு இளகவில்லை. இன்னும் கொதித்தது.

"ஓகோ. உன் கண்ணுக்கு உறுத்துதுன்னு அவர் கையை மாத்திட்டே. அந்த மூணு விரலும் அவர் உனக்குக் குடுத்தது. உன் பேர் கெடாம இருக்கக் குடுத்தது. குடுத்ததை வாங்கிட்டு, இப்ப திருப்பி ஒட்டிக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கறியா? வாங்கினேன்னு சொல்ற தைரியம் இருந்தா மேடை ஏறு. இல்லேன்னா கோட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்குப் போ. கவனம் கெட்டவர்ங்கற பேரோட எங்கப்பா அந்தச் சுவத்துல தொங்க மாட்டார்."

சொல்லிவிட்டு அவள் கூடத்துக்குள் போனாள். ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் பார்க்க, கோட்டுப் படத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தாள். கையில் இருந்த சுருளைப் பிரித்து அதன் முதுகில் குண்டூசியால் குத்தினாள். ஓரம் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. நாற்காலி போட்டவரைக் கூப்பிட்டுக் கீழ்ப்பக்கம் பிடிக்கச் சொன்னாள். அப்பா சட்டையில்லாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கன்றுக்குட்டியின் நெற்றியில் ரெண்டு விரலை வைத்திருந்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "இதுதான்ப்பா அவரு" என்று யாரோ சொன்னார்கள்.

முதல் வரிசையிலேயே மெக்கானிக் வந்து உட்கார்ந்திருந்தான். எண்பது வயசு. ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் எண்ணுவான் பாவி என்று அவள் மனசுக்குள் திட்டினாள். அவன் பார்வை படாத இடமாகப் பார்த்துத் தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

சங்கத் தலைவர் பேசினார். உழைப்பாளி என்றார். உட்கார்ந்தார். அடுத்து மூத்த மகன் பேசுவார் என்றார்கள். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. போய்விட்டான் என்றே அவள் முடிவு கட்டினாள். அப்புறம் பின்கதவு வழியாக ஆபீசர் வந்தான். பேண்ட்டின் பின்பக்கம் வட்டமாக ஈரம். கையில் காகிதம் இல்லை.

மைக்கைப் பிடித்தான். ரெண்டு தடவை கனைத்தான்.

"எங்கப்பாவைப் பத்தி ஒரு விஷயம் தப்பா வழங்கிக்கிட்டிருக்கு" என்றான். "அவர் கவனம் இல்லாதவர் இல்ல. அன்னைக்கு அவர் தப்பு எதுவும் பண்ணல. பதிலுக்கு நிக்காம மெஷினைப் போட்டது நான்தான். இது இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

அவனுடைய டவுன் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது விசித்திரமாகப் பட்டது.

முதல் வரிசையிலிருந்து மெக்கானிக்கின் குரல்தான் வந்தது.

"தெரியும் தம்பி. மேல சொல்லு."

ஆபீசர் மைக்கை விட்டு ஒரு அடி பின்வாங்கினான். "தெரியுமா?"

"நீதானே தெருவுல கத்திக்கிட்டு ஓடி வந்தே. 'நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன்'னு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடினே. என் பட்டறை வாசல்லதான் விழுந்தே. தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வெச்சது நான். காய்ச்சல்ல உனக்கு மறந்துபோச்சு. எங்களுக்கு எப்படி மறக்கும்?"

"எங்க வீட்டு வாசலையும் தாண்டித்தான் ஓடினான்" என்றார் தீவனக்கடைக்காரர். பின்னாலிருந்து ஒரு கிழவி, "நான் தண்ணி தெளிச்சேன்" என்றாள்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. பால்காரம்மா தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்து நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். தெரிந்துமா சிரித்தார்கள்? தெரிந்துகொண்டே, ஒரு பாவமும் அறியாத மனுஷனைச் சந்திக்குச் சந்தி நிறுத்தி விரலை எண்ணச் சொன்னார்களா? தூணோரத்திலிருந்து நேராக முதல் வரிசைக்குப் போனாள். மெக்கானிக் முன்னால் போய் நின்றாள். அவள் அந்த ஆளோடு பேசி எத்தனையோ வருஷம்.

"தெரிஞ்சும் எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு? ஒரு நாளா, ரெண்டு நாளா? நாக்குல நரம்பே கிடையாதா? எங்கப்பா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணார்?"

மெக்கானிக் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தான். கோபப்படவில்லை.

"அவர்தான்மா கேட்டுக்கிட்டார். பையன் காய்ச்சல் விடறதுக்குள்ள, கட்டுப் போட்ட கையோட வீடு வீடா வந்து நின்னார். யாரும் பையன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். சரிண்ணே, சொல்லலேன்னோம். 'சொல்லாம இருந்தா மட்டும் பத்தாதுப்பா. நீங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கணும். கவனம் கெட்ட பயன்னு சத்தமாச் சொல்லணும். ஊரே சிரிச்சாத்தான் அவன் நம்புவான்'னார். எனக்கு வாய் வரலம்மா, முதல் நாள். அவரே எனக்கு என்ன கேக்கணும்னு சொல்லிக் குடுத்தார். அப்புறம் நிறுத்தலாமான்னு கேட்டேன், எத்தனையோ தடவை. 'பழகினதை நிறுத்தினா சந்தேகம் வந்துடும்'னு விட்டுட்டார்."

பால்காரம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் அவள் அண்ணன் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சுற்றிலும் எல்லாரும் அழுகிறார்கள் போலிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு வருஷம் ஊர்மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அப்பாவிடம் அவள் கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.